அயல்வீட்டுத் தகவலும் அமானிதமே

அஸர் தொழுதுவிட்டு முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தேன். கடப்படியில் மோட்டார் சைக்கிளை நிறுத்திய ஓர் இளைஞர் ஸலாம் சொன்னார். கழுத்தில் ஏதோ ஓர் அட்டை. கையில் ஒரு கோவை.

“ராத்தா, பக்கத்து வளவுல ஆக்கள் இல்லயா?”

மரியாதையான பிள்ளையாகத் தெரிந்தார். வெயிலில் வந்திருக்கிறாரே என்ற இரக்கமும் எனக்கு இருந்தது. “இல்ல தம்பி, அவ உம்மாட ஊட்டுக்குப் போயிருக்கா. மஃரிபுக்குத்தான் வருவா” என்றேன். அத்தோடு நான் நின்றிருக்கலாம். அவர் கேட்கக் கேட்க நானும் சொல்லிக்கொண்டே போனேன். அவளுடைய கணவர் கட்டாரில். பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவள் தரம் 6. வீட்டில் வேறு ஆண்கள் இல்லை. பின்பக்க அறை இன்னும் கட்டி முடியவில்லை. கடைசியில் அவளுடைய தொலைபேசி இலக்கத்தையும் பார்த்து வாசித்தேன். அவர் எழுதிக்கொண்டார். எல்லாம் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. அவர் எங்கிருந்து வந்தார், அந்தக் கோவை யாரிடம் போகும் என்று நான் கேட்கவேயில்லை.

இரண்டு வாரம் கழித்து அவள் வந்து திண்ணையில் அமர்ந்தாள். கடன் தருகிறோம், காப்புறுதி செய்யுங்கள் என்று ஓயாமல் அழைப்புகள் வருகின்றனவாம். ஒருநாள் இரவு பத்து மணிக்குப் பேசியவன், “மாப்பிள்ள எப்ப வாறார்?” என்று கேட்டானாம்.

“என்ட நம்பர ஆரு குடுத்தெண்டு தெரியுமா ராத்தா?”

நான்தான் என்று சொன்னேன். அவள் ஏசவில்லை. “புள்ளயளோட தனிய இரிக்கன் ராத்தா” என்று மட்டும் சொன்னாள். பிறகு அவள் இலக்கத்தை மாற்றினாள். நான் சொன்ன மற்ற விடயங்களை மாற்ற வழியில்லை.

அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றியதே இந்தப் பாடம். வீடு வீடாக வந்து விசாரிப்பவரிடம் அயலவரைப் பற்றி எவ்வளவு சொல்லலாம்? ஊருக்கு ஊர், நாட்டுக்கு நாடு இதில் வழக்கு வேறுபடுகிறது. நமது வழக்கையும் பிறர் வழக்கையும் பார்த்துவிட்டு, நாம் நடந்துகொள்ள வேண்டிய முறைக்கு வருவோம்.

நாம் ஏன் சொல்லிவிடுகிறோம்?

முதலில் நம்மை நாமே நியாயமாகப் பார்க்க வேண்டும். நாம் சொல்வதற்குக் காரணம் வெறும் வாய்த்துடுக்கு அன்று.

கிழக்கிலங்கைக் கரையோர முஸ்லிம் ஊர்களில் வீடு பெரும்பாலும் பெண்ணுக்குரியது. மகளுக்கு வீடு கொடுத்து மணம் முடித்து வைக்கிறோம். மருமகன் அங்கே வந்து வாழ்கிறார். இதனால் உம்மாவின் வீடும், ராத்தாவின் வீடும், சாச்சியின் வீடும் ஒரே வளவிலோ அடுத்தடுத்த வளவுகளிலோ அமைந்துவிடுகின்றன. ஒலுவிலிலும் அட்டாளைச்சேனையிலும் நிந்தவூரிலும் ‘அயலவர்’ என்று நாம் சொல்பவர் பல நேரங்களில் நமது இரத்த உறவு. ஒருவர் வீட்டுச் செய்தி மற்றவருக்குத் தெரிந்திருப்பது இங்கே வம்பாகக் கருதப்படுவதில்லை; அது பராமரிப்பு. எந்த வீட்டில் நோயாளி இருக்கிறார், எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை, யாருடைய பிள்ளைக்குப் பரீட்சை என்பதெல்லாம் தெரிந்திருந்தால்தான் உதவ முடியும்.

2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது இலங்கையில் மிக அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. வீடுகளும் ஆவணங்களும் போன பின், இந்த வளவில் எத்தனை பேர் இருந்தார்கள், யார் மீண்டார்கள், யாரைக் காணவில்லை என்று சொல்லக்கூடியவர் அயலவர்தான். பிறகு நிவாரணத்துக்கும் வீடமைப்புக்கும் விபரம் திரட்ட வந்தவர்களிடம், அங்கே இல்லாதவருக்காகவும் நாமே பேசினோம். பேசாமல் இருந்திருந்தால் அவருக்கு உதவி கிடைக்காமல் போயிருக்கும். ‘கேட்டால் சொல்ல வேண்டும்’ என்ற பழக்கம் அந்நாட்களில் இன்னும் உறுதிப்பட்டது.

ஆனால் ஒரு வேறுபாட்டை நாம் கவனிக்கவில்லை. வளவுக்குள் சுற்றும் செய்திக்குத் திரும்பி வரும் பாதை உண்டு. சாச்சியைப் பற்றி நான் தவறாகச் சொன்னால் மஃரிபுக்கு முன் அது சாச்சியின் காதுக்குப் போய்விடும். நான் பதில் சொல்லியாக வேண்டும். கடப்படியில் நின்று எழுதிக்கொண்டு போகிறவரின் கோவைக்கு அப்படிப்பட்ட பாதை இல்லை. அது எங்கே போகிறது, யார் வாசிக்கிறார், எத்தனை ஆண்டு இருக்கும் என்பது சொன்னவருக்கும் தெரியாது, சொல்லப்பட்டவருக்கும் தெரியாது. உறவுக்குள் உருவான பழக்கத்தை நாம் அப்படியே அந்நியரிடமும் கையாளுகிறோம். பிழை அங்கேதான் நிகழ்கிறது.

கடப்படிக்கு யார் யார் வருகிறார்கள்?

வருகிற எல்லோரும் ஒரே வகையினர் அல்லர். நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, சட்டப்படி விபரம் திரட்டுபவர். வாக்காளர் இடாப்புக்காக வரும் கிராம உத்தியோகத்தரும், குடிசன மதிப்பீட்டுக்காக வரும் தொகைமதிப்பாளரும் இவ்வகையினர். இலங்கையின் முதலாவது குடிசன மதிப்பீடு 1871இல் நடந்தது. 15ஆவது மதிப்பீட்டுக்காக 2024ஆம் ஆண்டின் இறுதியில் நம் வீடுகளுக்கு வந்தார்கள். அதில் ஒவ்வொரு வீட்டின் விபரத்தையும் அந்த வீட்டவரிடமே கேட்க வேண்டும். திரட்டிய விபரத்தை இரகசியமாகப் பேணவும் வேண்டும். பக்கத்து வீடு பூட்டியிருந்தால் அவர் மறுபடி வருவார். “அங்கே ஆள் குடியிருக்கிறார்கள், மாலையில் இருப்பார்கள்” என்பதே நாம் சொல்ல வேண்டியது. அவர்களின் வருமானத்தை நாம் ஊகித்துச் சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது, நலன்புரித் திட்டங்களுக்காக வருபவர். 2023இல் அஸ்வெசும திட்டம் தொடங்கியபோது தெரிவானவர்களின் பட்டியல் பகிரங்கமாக வைக்கப்பட்டு, விடுபட்டவர்கள் மேன்முறையீடு செய்யவும் தகுதியற்றவர் எனக் கருதுபவர் மீது ஆட்சேபம் தெரிவிக்கவும் இடம் தரப்பட்டது. அயலவர் பேச்சுக்கு அரசே கொடுத்த இடம் இது. இங்கே மௌனம் சில வேளை ஏழைக்குச் செய்யும் அநீதியாகலாம். பொறாமைப் பேச்சும் அதே அநீதியைச் செய்யலாம். ஆகவே தெரிந்ததை மட்டும், உரிய அலுவலகத்தில், பெயர் சொல்லிப் பொறுப்போடு கூற வேண்டும். கடப்படியில் நின்று முணுமுணுப்பது அதற்கு ஈடாகாது.

மூன்றாவது, வியாபாரத்துக்காக வருபவர். நுண்கடன், காப்புறுதி, தவணைக்குப் பொருள் விற்போர், தனியார் வகுப்புகளுக்குப் பிள்ளை சேர்ப்போர் இவர்கள். பெண்களைக் குழுவாக்கி ஒருவருக்கு ஒருவரைப் பிணையாக வைக்கும் நுண்கடன் முறையில், அயலவர் பற்றிய அறிவுதான் கடன் கொடுப்பவரின் பாதுகாப்பு. தவணை தவறினால் அதே அயலவரிடம்தான் “அவ எங்க போனா, எப்ப வருவா?” என்று கேட்கிறார்கள். வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடனில் சிக்கிய பெண்கள் பட்ட அவமானத்தில் பெரும்பகுதி பணத்தால் வந்ததன்று; தெருவுக்குத் தெரிந்துவிட்டதால் வந்தது.

நான்காவது, தேர்தல் காலத்தில் ஆதரவு தேடி வருபவர். “இந்த வீட்டார் எந்தப் பக்கம்?” என்று அடுத்த வீட்டில் கேட்பார்கள். வாக்கு இரகசியமானது. என் அயலவரின் வாக்கைச் சொல்ல எனக்கு உரிமையில்லை. தோற்றவர் கையிலும் வென்றவர் கையிலும் அந்தக் குறிப்பு நீண்ட நாள் தங்கிவிடும்.

பிற நாட்டு வழக்குகள்

மேற்கு நாட்டவர் எதையும் சொல்லமாட்டார்கள், நாம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவோம் என்று பொதுவாகப் பேசுவதுண்டு. உண்மை அவ்வளவு எளிதன்று. ஒவ்வொரு சமூகமும் கோட்டை வேறு வேறு இடத்தில் போட்டிருக்கிறது.

சுவீடனில் ஒருவர் அரசுக்குக் காட்டிய வருமானத்தை வேறு எவரும் வரித் திணைக்களத்திடம் கேட்டு அறியலாம். நம்மூரில் அடுத்த வீட்டுக்காரரின் சம்பளத்தை ஊகிப்போமே தவிர, அரசாங்கம் அதைச் சொல்லும் என்று கனவிலும் நினைக்கமாட்டோம். நோர்வேயிலும் வரி விபரங்கள் பகிரங்கமானவை. ஆனால் 2014 முதல் அங்கே ஒரு திருத்தம்: ஒருவருடைய விபரத்தை இணையத்தில் தேடினால், தேடியவர் யார் என்பது தேடப்பட்டவருக்குத் தெரியவரும். அதன் பின் தேடல்கள் வெகுவாகக் குறைந்தன. கேட்டவர் பெயர் வெளியே தெரியும் என்றால் வீண் விசாரணை அடங்கிவிடுகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் நமக்கு உதவும்.

பிரித்தானியாவில் வாக்காளர் இடாப்பு இரண்டு வடிவங்களில் உள்ளது. முழு இடாப்பைத் தேர்தல் போன்ற குறிப்பிட்ட தேவைகளுக்கே பயன்படுத்தலாம். திறந்த இடாப்பை யாரும் விலைக்கு வாங்கலாம். ஆனால் அதிலிருந்து தம் பெயரை நீக்கும்படி எந்த வாக்காளரும் கேட்கலாம். ஒரு தேவைக்காகக் கொடுத்த பெயர் இன்னொரு தேவைக்குப் போகும்போது பெயருக்கு உரியவரைக் கேட்க வேண்டும் என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது.

ஒரே ஆண்டின் இரண்டு பாடங்கள்

பெயரும் முகவரியும் சிறிய விடயந்தானே என்று யாராவது கேட்டால், 1983ஆம் ஆண்டைச் சொல்லலாம்.

அவ்வாண்டு ஜூலை இறுதியில் கொழும்பில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. தாக்க வந்த கும்பல்கள் சிலவற்றின் கையில் வாக்காளர் பட்டியல்கள் இருந்ததை, உயிர் தப்பியவர்களின் சாட்சியங்களும் பின்னர் எழுதப்பட்ட ஆய்வுகளும் பதிவு செய்துள்ளன. கலந்து வாழ்ந்த தெருக்களில் எந்த வீடு யாருடையது என்பதைப் பட்டியல் காட்டிக்கொடுத்தது. வாக்களிக்கும் உரிமைக்காக எழுதப்பட்ட பெயர், வீட்டை அடையாளம் காட்டப் பயன்பட்டது. அதே நாட்களில் அயலவர் பலர் தம் வீட்டில் மனிதர்களை ஒளித்துவைத்து, வாசலில் வந்து கேட்டவர்களிடம் “இங்கே யாரும் இல்லை” என்று சொன்னார்கள். அயலவரின் ஒரு சொல் உயிரைக் காத்த நாட்கள் அவை.

அதே 1983இல் மேற்கு ஜேர்மனியில் குடிசன மதிப்பீடு நடக்கவிருந்தது. திரட்டும் விபரங்களை உள்ளூராட்சிப் பதிவேடுகளோடு ஒப்பிடவும் அரசு எண்ணியிருந்தது. மக்கள் எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். டிசம்பர் 15ஆம் திகதி அந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம், தன்னைப் பற்றிய தகவல் எங்கே எதற்குப் பயன்பட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அந்த மனிதருக்கே உரியது என்று தீர்ப்பளித்தது. சட்டத்தைத் திருத்திய பின் 1987இல்தான் மதிப்பீடு நடந்தது. ஜேர்மனியரின் அச்சத்துக்கு வரலாறு இருந்தது. ஹிட்லர் ஆட்சியில் பதிவேடுகள் மனிதரைத் தேடிப் பிடிக்க உதவியதை அவர்கள் மறக்கவில்லை.

ஒரு நாட்டில் பட்டியல் தீக்கு வழிகாட்டியது. மற்ற நாட்டில் பட்டியலுக்கு எல்லை வகுக்கப்பட்டது. எழுதப்பட்ட தகவல் தான் எழுதப்பட்ட நோக்கத்தோடு நின்றுவிடுவதில்லை என்பதே இரண்டிலிருந்தும் நாம் படிப்பது.

மார்க்கம் சொல்லும் வழி

இந்த எண்ணம் நமக்குப் புதியதன்று. பிறர் வீட்டுக்குள் அனுமதி பெற்று, ஸலாம் சொல்லியே நுழைய வேண்டும் என்று சூரா அந்நூரின் 27ஆம் வசனம் கற்பிக்கிறது. வீட்டின் அந்தரங்கம் காக்கப்பட வேண்டும் என்பதே அதன் நோக்கம். கதவால் நுழைய அனுமதி வேண்டுமானால், அயலவரின் வாய் வழியாக அதே வீட்டுக்குள் நுழைவதற்கும் அனுமதி வேண்டாமா?

சூரா அல்ஹுஜுராத்தின் 12ஆம் வசனம் பிறர் குறையைத் துருவி ஆராய்வதையும் புறம் பேசுவதையும் தடுக்கிறது. “நான் உண்மையைத்தானே சொன்னேன்” என்பது புறம் பேசியதற்குச் சாட்டாகாது என்பதையும் ஹதீஸ்கள் தெளிவாக்குகின்றன. ஒருவர் பேசும்போது யாரும் கேட்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாலே அந்தப் பேச்சு அமானிதமாகிவிடும் என்ற கருத்திலும் ஹதீஸ் உண்டு. திண்ணையில் அமர்ந்து என் அயலவள் சொன்ன குடும்பச் செய்திகள் எத்தனை அமானிதங்கள்!

சொல்ல வேண்டிய இடமும் உண்டு. பாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களைப் பெண் கேட்டு இருவர் வந்தபோது, அவர் நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டார். நபியவர்கள் அவ்விருவரைப் பற்றியும் தேவையானதை மறைக்காமல் சொன்னார்கள். கேட்டவர் வாழ்க்கைப்படப் போகும் பெண்ணே. கேட்ட காரணம் நேர்மையானது. சொல்லப்பட்டது அந்தத் தீர்மானத்துக்கு வேண்டிய அளவு. நம் பெண் பிள்ளைகளை விசாரித்து வருவோருக்குப் பதில் சொல்லும் ஒவ்வோர் உம்மாவும் இம்மூன்றையும் அளவுகோலாகக் கொள்ளலாம். உரியவர் உண்மையாகக் கேட்டால் தெரிந்ததைச் சொல்லுங்கள். தெருவில் நின்று “அந்தப் புள்ள எப்படி?” என்று கேட்கும் ஒருவருக்காக ஒரு பிள்ளையின் பெயரை எடைபோடாதீர்கள்.

சட்டம் எங்கே நிற்கிறது?

இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமாகத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. கட்டங்கட்டமாக நடைமுறைக்கு வரும்படி அது அமைக்கப்பட்டது. தகவலைத் திரட்டுபவர் நோக்கத்தைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். அந்நோக்கத்துக்கு வேண்டியதை மட்டுமே பெற வேண்டும். இனம், சமயம், அரசியல் கருத்து, உடல்நலம், பிள்ளைகள் பற்றிய தகவல்களுக்குக் கூடுதல் பாதுகாப்பு உண்டு. நான் கடப்படியில் சொன்ன ‘மூத்தவள் தரம் 6’ என்பதும் ஒரு பிள்ளையைப் பற்றிய தகவலே.

ஆனால் ஒருவர் தன் வீட்டு வாழ்வில், தனிப்பட்ட அளவில் கையாளும் தகவல்களை இச்சட்டம் கட்டுப்படுத்தாது. கோவையோடு வந்தவரைச் சட்டம் கேள்வி கேட்கும்; வாய்திறந்து சொன்ன அயலவரைக் கேட்பது அவருடைய மனச்சாட்சிதான்.

ஒரு சிறிய பயிற்சி மூலம் இன்னொன்றையும் பார்ப்போம். அடையாள அட்டை இலக்கம் வெறும் எண் என்று நினைக்கிறோம். பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கங்களும், 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க அட்டையில் முதல் நான்கு இலக்கங்களும் பிறந்த ஆண்டைக் காட்டும். அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைக் காட்டும்; பெண்ணாயின் அதனுடன் 500 கூட்டப்படும். அந்த மூன்று இலக்கங்கள் 532 என்றால், அது பெப்ரவரி 1ஆம் திகதி பிறந்த ஒரு பெண். எவருடைய அட்டைப் பிரதியையாவது ‘கொஞ்சம் கொடுத்துவிடுங்கள்’ என்று உங்களிடம் யாரேனும் கேட்டால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கடப்படியில் என்ன சொல்வது?

‘தெரியாது’ என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்வது நமக்கு வராது. தெரிந்ததைத் தெரியாது என்பது பொய்யும் ஆகும். மரியாதையோடு மறுக்கும் வழி இருக்கிறது.

1. முதலில் நாம் கேட்போம். “தம்பி எங்கருந்து வாறீங்க? என்ன விசயம்?” அரச உத்தியோகத்தராயின் அடையாளத்தைக் காட்டுவார், ஐயமிருந்தால் கிராம உத்தியோகத்தரிடமோ பிரதேச செயலகத்திலோ கேட்டு உறுதி செய்யலாம்.

2. கேள்வியை உரியவரிடம் திருப்புவோம். “அவங்கட விசயத்த அவங்கக்கிட்டயே கேளுங்க. உங்கட நம்பரத் தாங்க, நான் குடுக்கன்.” அயலவரின் இலக்கத்தைக் கொடுப்பதற்குப் பதில் வந்தவரின் இலக்கத்தை வாங்குவதே இப்பாடத்தின் சாரம். உதவியும் நடக்கிறது, தீர்மானமும் உரியவரின் கையிலேயே இருக்கிறது.

3. தனியே இருப்பவர், வெளிநாட்டில் இருப்பவர், வீடு பூட்டியிருக்கும் நேரம், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், நோய், கடன், வாக்கு ஆகிய ஏழையும் அந்நியரிடம் சொல்வதில்லை என்று வீட்டில் முடிவு செய்வோம். பெரும்பாலும் கடப்படிக்கு ஓடி வருபவர்கள் பிள்ளைகள்தான். அவர்களுக்கும் சொல்லி வைப்போம்.

4. யார் வந்து என்ன கேட்டார் என்பதை அன்றே அயலவரிடம் சொல்லிவிடுவோம். நோர்வேக்காரர் கணினியில் செய்ததை நாம் வேலிக்கு மேலால் செய்யலாம்.

விபத்து, நோய், வன்முறை, பிள்ளைக்கு ஆபத்து என்று வரும்போது இந்த விதிகள் காத்திருக்காது. அப்போது தெரிந்ததை உரிய இடத்தில் உடனே சொல்வதே அயலவரின் கடமை.

அன்பு மாணவிகளே, என் அயலவள் இன்றும் அதே வளவில்தான் இருக்கிறாள். நோன்புக் கஞ்சி இன்றும் வேலி கடந்து வருகிறது. ஆனால் அவளுடைய புதிய இலக்கத்தை என்னிடம் தர அவளுக்குச் சில மாதங்கள் எடுத்தன. தந்த அன்று, “இது உங்களுக்கு மட்டும் ராத்தா” என்றாள். அதை என் தொலைபேசியில் பதிந்தபோது, ஒருவருடைய நகையைப் பாதுகாக்க வாங்கி வைப்பது போல் இருந்தது.

சிந்திக்க

1. கடந்த ஒரு மாதத்தில் உங்கள் வீட்டுக்கு வந்து விசாரித்தவர்கள் யார்? அவர்களில் எத்தனை பேர் அயலவரைப் பற்றிக் கேட்டார்கள்?

2. சொல்லாமல் இருப்பது அயலவருக்குத் தீங்காகும் ஒரு சந்தர்ப்பத்தையும், சொல்வது தீங்காகும் ஒரு சந்தர்ப்பத்தையும் எழுதுங்கள்.

3. உங்கள் உம்மாவோடும் மூத்தம்மாவோடும் பேசி, அவர்கள் காலத்தில் கடப்படிக்கு வந்தவர்கள் யார், என்ன கேட்டார்கள் என்று குறித்து வாருங்கள். வகுப்பில் ஒப்பிட்டுப் பார்ப்போம்.